முதலில் ஐஸ் தொட்டி, அப்புறம்தான் ஆம்புலன்ஸ்: பள்ளி ஃபுட்பால் பயிற்சியில் ஒரு ஹீட் ஸ்ட்ரோக், நிகழ்வு ஆய்வு

பதினாறு வயது மாணவன் மாலை 5:16-க்கு மைதானத்தில் விழுந்தான். 5:22-க்கு அவன் உள்ளுடல் வெப்பநிலை 41.8 டிகிரி செல்சியஸ், ஃபாரன்ஹீட்டில் 107.2. 5:38-க்கு அது 38.9-க்கு இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பினான், ஆறாவது வாரம் மறுபடி ஆடினான். இந்த ஆய்வு அந்த 22 நிமிடங்களைப் பற்றியது. அதைவிடக் கூடுதலாக, அதற்கு முந்தைய எட்டு நாட்களைப் பற்றியது. அவனை விழவைத்த தவறுகள் அந்த எட்டு நாட்களில்தான் உருவாயின. பிழைக்கவைத்த ஏற்பாடுகள் பல அதற்கும் முன்பே தயாராகியிருந்தன.

இடம் அமெரிக்காவின் தென்மாநிலம் ஒன்றில் ஓர் உயர்நிலைப் பள்ளி. ஃபுட்பால் என்றால் இங்கே கால்பந்து அல்ல, ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டு ஆடும் அமெரிக்க ஃபுட்பால். மாதம் ஆகஸ்ட். இதில் வரும் மாணவன் ஒரு தனி ஆள் அல்ல. பள்ளி மைதானங்களில் திரும்பத் திரும்ப நடப்பவற்றை ஒன்றாக்கி, பயிற்சிக்காகக் கட்டிய நிகழ்வு இது. விதிகளும், வெப்ப வரம்புகளும், சிகிச்சை முறையும் அங்கே நடைமுறையில் உள்ளவை.

தமிழ் வாசகருக்கு முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். இங்கே 'அத்லெட்டிக் ட்ரெய்னர்' என்பவர் கோச் அல்ல, ஜிம்மில் உடற்பயிற்சி சொல்லித்தருபவரும் அல்ல. தேசியச் சான்றிதழ்த் தேர்வு எழுதி, பெரும்பாலான மாநிலங்களில் உரிமமும் பெற்று வேலை செய்யும் மருத்துவப் பணியாளர். அமெரிக்க மருத்துவச் சங்கம் 1990-இல் இதை மருத்துவத் துணைத் தொழிலாக ஏற்றது. இப்போது இந்தத் தொழிலுக்குள் நுழைய முதுகலைப் படிப்பு தேவை. காயம் வராமல் பார்ப்பது, வந்தால் அந்த இடத்திலேயே கையாள்வது, மறுபடி ஆட வைப்பது எல்லாம் இவர் பொறுப்பு. பல பள்ளிகளில் எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு ட்ரெய்னர்தான். உயர்நிலைப் பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு அவரும் கிடையாது. இந்த நிகழ்வில் இருந்தார். இல்லாத பள்ளியில் இதே பையன் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிக்க வேண்டும்.

மாணவனும் அன்றைய நாளும்

அவன் தாக்கும் வரிசையில் நிற்கும் லைன்மேன், அதாவது எதிரணியை உடம்பால் மறித்துத் தள்ளும் ஆட்டக்காரன். உயரம் 183 செ.மீ., எடை 113 கிலோ, உடல் நிறை எண் 33-க்கு மேல். ஃபுட்பாலில் ஹீட் ஸ்ட்ரோக் அதிகம் தாக்குவது இந்த இடத்தில் ஆடும் பிள்ளைகளைத்தான். பெரிய உடம்பு ஓடும்போது வெப்பம் அதிகம் உற்பத்தியாகிறது. ஆனால் எடையோடு ஒப்பிட்டால் அந்த வெப்பத்தை வெளியேற்றும் தோல் பரப்பு குறைவு. அதன் மேல் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டால், வியர்வை ஆவியாகும் வழியும் அடைபடுகிறது.

அணிக்கு அது எட்டாம் நாள் பயிற்சி. அவனுக்கு இரண்டாம் நாள். முதல் ஆறு நாட்கள் வாந்தியும் காய்ச்சலுமாக வீட்டில் கிடந்தான். காய்ச்சல் விட்டு இரண்டு நாளில் பயிற்சிக்கு வந்தான். கவனக் குறைபாட்டுக்காக ஊக்கி வகை மாத்திரை ஒன்றைத் தினமும் காலையில் எடுத்துக்கொள்பவன். அந்த வகை மருந்து உடலின் வெப்ப உற்பத்தியைக் கூட்டும், களைப்பையும் மறைக்கும். மாத்திரையை நிறுத்தச் சொல்வது ட்ரெய்னரின் வேலை அல்ல. ஆனால் யார் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தே இருக்க வேண்டும். ஜூன் மாத மருத்துவப் படிவத்தில் அது எழுதப்பட்டிருந்தது. அந்தப் படிவம் அலுவலக அலமாரியில் இருந்தது, மைதானத்துப் பையில் இல்லை.

எடைப் பதிவேடு இன்னொன்றையும் சொன்னது. திரும்பி வந்த முதல் நாள் பயிற்சிக்கு முன் 113.4 கிலோ, பயிற்சிக்குப் பின் 111.1. மறுநாள் பயிற்சிக்கு முன் 111.9. முதல் நாள் இழந்த நீரில் பெரும்பகுதி திரும்பவே இல்லை. முந்தைய நாளின் தொடக்க எடையிலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் குறைந்து வரும் பிள்ளையைக் கூப்பிட்டு, 'ராத்திரி என்ன சாப்பிட்ட, தண்ணி குடிச்சியா, வயிறு எப்படி இருக்கு' என்று கேட்பது அந்தப் பள்ளியின் வழக்கம். அன்று எண்ணை எழுதினார்கள். யாரும் படிக்கவில்லை.

ஆனால் நீரிழப்புதான் காரணம் என்று இதை எளிமைப்படுத்திவிடக் கூடாது. போதுமான தண்ணீர் குடித்த பிள்ளையும் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழலாம். தண்ணீர் குடித்தால் எதுவும் ஆகாது என்ற நம்பிக்கை மைதானங்களில் நிறையவே இருக்கிறது. உடம்பு தாங்கும் வேகத்தைத் தாண்டி வேலை வாங்கினால் எத்தனை பாட்டில் தண்ணீரும் காப்பாற்றாது.

மைதானத்து வெப்பம்: ஒரே ஒரு முறை அளந்தது

இந்த வேலையில் சாதாரண வெப்பநிலையை வைத்து முடிவெடுப்பதில்லை. டபிள்யூபிஜிடி என்ற எண்ணை வைத்துத்தான் எடுப்பார்கள். ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டரின் அளவுக்கு 70 சதவீதம், வெயில் உறிஞ்சும் கறுப்புக் கோளத்தின் அளவுக்கு 20, நிழலில் வைத்த சாதாரண தெர்மாமீட்டருக்கு 10 என்று கூட்டிய எண் அது. ஈரப்பதத்துக்கு ஏன் அவ்வளவு கனம் என்றால், காற்றில் ஈரம் கூடினால் வியர்வை ஆவியாகாது, வழிந்து மட்டும் போகும்.

ஜார்ஜியா மாநிலப் பள்ளி விளையாட்டு அமைப்பு 2012-இல் கொண்டுவந்த அட்டவணையைப் பல பள்ளிகள் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டன. அதில் 82 முதல் 86.9 ஃபாரன்ஹீட் வரை பயிற்சி நடக்கலாம், மணிக்குக் குறைந்தது மூன்று இடைவேளை, ஒவ்வொன்றும் மூன்று நிமிடம். 87 முதல் 89.9 வரை அதிகபட்சம் இரண்டு மணி நேரம், மணிக்கு நான்கு இடைவேளை, ஒவ்வொன்றும் நான்கு நிமிடம். இந்தப் படியில் ஹெல்மெட், தோள்கவசம், அரைக்கால்சட்டை மட்டும்தான். உடல்திறன் ஓட்டங்களின்போது அந்தக் கவசங்களையும் கழற்றிவிட வேண்டும். 90 முதல் 92 வரை ஒரு மணி நேரம்தான், கவசம் எதுவும் கூடாது, உடல்திறன் ஓட்டமும் கிடையாது. 92-ஐத் தாண்டினால் வெளியில் பயிற்சியே இல்லை. இந்தப் பள்ளியும் இதே அட்டவணையைத்தான் வைத்திருந்தது.

பிற்பகல் 3:10-க்கு அளந்தபோது 85.5. வானம் மேகமூட்டமாக இருந்தது. மேகம் நான்கரைக்குக் கலைந்தது. செயற்கைப் புல் தரை சூடேறியது. கறுப்புக் கோளத்தின் அளவு சட்டென்று ஏறியது. 5:05-க்கு யாராவது அளந்திருந்தால் 88-ஐத் தாண்டியிருப்பது தெரிந்திருக்கும். (நிகழ்வுக்குப் பின் கருவியின் தானியங்கிப் பதிவிலிருந்து எடுத்தது 88.2.) அதாவது அட்டவணையில் ஒரு படி மேலே போயிருந்தார்கள். யாருக்கும் தெரியவில்லை. கருவி ட்ரெய்னரின் தள்ளுவண்டியில் நிழலில், ஒரு துண்டுக்கு அடியில் கிடந்தது. ஓட்டங்கள் ஹெல்மெட்டும் தோள்கவசமும் போட்டபடியே தொடங்கின.

5:10 முதல் 5:20 வரை

பயிற்சியின் கடைசிப் பகுதி 'காஸர்' ஓட்டம். மைதானத்தின் அகலம் ஏறத்தாழ 49 மீட்டர். இரண்டு முறை போய் இரண்டு முறை திரும்பினால் ஒரு காஸர். ஆறு வைத்திருந்தார்கள்.

நான்காவதில் அவன் நேராக ஓடவில்லை. கோட்டை நோக்கிப் போகாமல் பக்கத்து ஆளின் தடத்துக்குள் சாய்ந்தான். சக மாணவன் தோளைத் தொட்டபோது கையைத் தட்டிவிட்டுக் கத்தினான். அது அவன் சுபாவமே அல்ல. மற்றவர்கள் கோபம் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தக் கத்தல்தான் முதல் அறிகுறி. ஹீட் ஸ்ட்ரோக்கை வெறும் வெப்பக் களைப்பிலிருந்து பிரிப்பது மூளையின் தடுமாற்றம். அது மயக்கமாகத்தான் வர வேண்டும் என்பதில்லை. எரிச்சலாக, பிடிவாதமாக, சம்பந்தமில்லாத பேச்சாக, காரணமில்லாத சிரிப்பாகக்கூட வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லித்தர வேண்டும். நண்பனின் சுபாவம் மாறியதை முதலில் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

5:16-க்கு முழங்கால் மடிந்து விழுந்தான். இரண்டு பேர் தூக்கி நிழலுக்குக் கொண்டுபோனார்கள். உதவி கோச் ஒருவர் நெற்றியில் காட்டும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தார். 38.2 காட்டியது. 'லேசா சுடுது, கொஞ்சம் தண்ணி குடுங்க' என்றார். இரண்டு நிமிடம் போயிற்று.

நெற்றி, காது, அக்குள், வாய் என்று எந்த இடத்து அளவும் இந்த நிலைமைக்கு உதவாது. வியர்வை நெற்றித் தோலைக் குளிர்விக்கிறது, மூச்சிரைப்பு வாயைக் குளிர்விக்கிறது. உள்ளே 41.8 இருக்கும்போது வெளியே 38.2 காட்டுவதில் ஆச்சரியமே இல்லை. இல்லாத கருவியைவிடத் தவறாகக் காட்டும் கருவி ஆபத்தானது, ஏனென்றால் அது எல்லாரையும் நிம்மதியாக்கிவிடுகிறது.

ட்ரெய்னர் மைதானத்தின் மறுகோடியில் ஒரு மாணவியின் கணுக்காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தார். 5:18-க்கு வந்து சேர்ந்தார். மூச்சு நிமிடத்துக்கு 32, நாடி 168. தோல் தொப்பலாக நனைந்திருந்தது. தோல் காய்ந்திருந்தால்தான் ஹீட் ஸ்ட்ரோக் என்ற பழைய பாடம் விளையாட்டு வீரர்களுக்குப் பொருந்தாது. இது வெயிலில் உட்கார்ந்திருந்த முதியவருக்கு வரும் வகை அல்ல, உழைப்பால் வருவது. இதில் பெரும்பாலும் வியர்வை கொட்டும்.

எங்கே இருக்கிறாய் என்று கேட்டதற்கு நடுநிலைப் பள்ளியின் பெயரைச் சொன்னான். பிறகு, 'நான் நல்லாத்தான் இருக்கேன், விடுங்க, இன்னும் ரெண்டு இருக்கு' என்று அதே தொனியில் நான்கு முறை சொன்னான்.

அந்த ஒரு நிமிடத்தில் ட்ரெய்னர் மனதுக்குள் ஒதுக்கியவை பல. இதயம் நின்றுபோகவில்லை, நாடி இருக்கிறது. இருந்தாலும் ஏஇடி பெட்டியை, அதாவது நின்ற இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவியை, கொண்டுவரச் சொன்னார். தலையில் மோதல் நடந்ததை யாரும் பார்க்கவில்லை. அரிவாள் அணுப் பண்பு (இரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளையக்கூடிய பரம்பரைப் பண்பு) உள்ளவர்கள் சரிந்தால் பொதுவாகத் தொடக்கத்திலேயே சரிவார்கள், கால் வலுவிழக்கும், ஆனால் தெளிவாகப் பேசுவார்கள், உடல் வெப்பமும் இவ்வளவு ஏறியிருக்காது. அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்துச் சோடியம் இறங்கியவர்களும் குழம்புவார்கள், அவர்களுக்கும் வெப்பம் இவ்வளவு ஏறாது. ஆக, பிரித்துக் காட்டப்போவது ஒரே ஒரு எண்தான். அதற்குச் சரியான இடத்தில் அளக்க வேண்டும்.

5:20-க்கு அவசர உதவி எண்ணான 911-ஐ அழைக்கச் சொன்னார். அழைத்தவர் ஒரு கோச். என்ன சொல்ல வேண்டும், எந்த வாயில் வழியாக வரவேண்டும் என்று எழுதிய அட்டை தள்ளுவண்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்தது.

மலக்குடல் அளவு: கூச்சமும் செய்முறையும்

பள்ளிகளில் இந்த அளவை எடுக்காமல் விடுவதற்குக் காரணம் அறியாமை அல்ல, கூச்சம். சிறுவர்கள், மைதானம், சுற்றிலும் ஆட்கள், பெற்றோர் என்ன நினைப்பார்களோ என்ற பயம். இந்தப் பயத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் அதை விழுந்த பிள்ளையின் பக்கத்தில் நின்றுகொண்டு தீர்க்கவும் முடியாது. இந்தப் பள்ளியில் ஜூலை மாதப் பெற்றோர் கூட்டத்திலேயே தீர்த்திருந்தார்கள். ஏன் இந்த ஒரு இடத்து அளவை மட்டும் நம்பலாம், எப்போது எடுப்போம், யார் உடன் இருப்பார்கள் என்று விளக்கி ஒப்புதல் படிவத்தில் சேர்த்தார்கள். அணி மருத்துவரின் நிலையான உத்தரவிலும் அது இருந்தது.

செய்முறை ஒரு நிமிடத்தில் முடியும். நான்கு பேர் வெளிப்பக்கம் முகம் திருப்பி, துண்டும் விரிப்பும் பிடித்து மறைப்பார்கள். பிள்ளையை ஒருபக்கமாகப் படுக்கவைத்து மேல் முழங்காலை மடக்க வேண்டும். வயதுவந்த இன்னொருவர் சாட்சியாகத் தலைமாட்டில் இருந்து அவனோடு பேசிக்கொண்டிருக்க வேண்டும். கையுறை போட்டு, வளையும் கம்பி வகை முனையில் வழுக்குப் பசை தடவி, 15 செ.மீ. குறி வரை செலுத்த வேண்டும். குறைவாகப் போனால் அளவும் குறைவாகக் காட்டும், தொட்டியில் நழுவியும் வந்துவிடும். கம்பியைத் தொடையில் டேப் போட்டு ஒட்டினால், குளிர்விக்கும் நேரம் முழுவதும் அளவு திரையில் தெரிந்துகொண்டே இருக்கும். கண்ணாடி தெர்மாமீட்டரை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. திமிறும் பிள்ளைக்குள் அது உடையும்.

கருவியே இல்லாத பள்ளி என்ன செய்வது? ஓடிக்கொண்டிருந்தவன் விழுந்து, குழம்பிப் பேசுகிறான் என்றால் ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொண்டு உடனே தொட்டியில் இறக்க வேண்டும். 10 முதல் 15 நிமிடம் குளிர்வித்து மறுபடி மதிப்பிட வேண்டும். எண் கிடைக்கவில்லை என்று காத்திருப்பதுதான் மிகப் பெரிய தவறு.

5:22-க்குத் திரையில் 41.8 வந்தது. 40.5-ஐத் தாண்டிய வெப்பமும் மூளைத் தடுமாற்றமும் சேர்ந்தால் அது உழைப்பால் வரும் ஹீட் ஸ்ட்ரோக்.

தொட்டி

மாடுகளுக்குத் தண்ணீர் வைக்கும் 150 கேலன் பிளாஸ்டிக் தொட்டி. ஏறத்தாழ 570 லிட்டர். மைதானத்தின் ஓரத்தில் நிழலில் வைத்து, பயிற்சிக்கு முன்பே பாதி, அதாவது 285 லிட்டர் நிரப்பியிருந்தார்கள். தேவைப்படும்போது நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டால் தோட்டக் குழாயில் அது நிறையவே இருபது நிமிடம் ஆகிவிடும்.

ஐஸ் எவ்வளவு வேண்டும் என்ற கணக்கில் தவறுவது எளிது. ஆகஸ்டில் குழாய்த் தண்ணீர் 27 டிகிரி. 285 லிட்டரை 15 டிகிரிக்கு இறக்கவே 36 கிலோ ஐஸ் முழுவதும் உருக வேண்டும். 113 கிலோ உடம்பு 41.8-இலிருந்து 38.9-க்கு இறங்கும்போது வெளியேறும் வெப்பமோ மூன்றரை கிலோ ஐஸை உருக்கும் அளவுதான். ஆக ஐஸ் செலவாவது பையனைக் குளிர்விக்க அல்ல, தண்ணீரைக் குளிர்விக்க. அதனால் பாதி ஐஸை முன்கூட்டியே போட்டுவிடுவது நல்லது. இங்கே 3:15-க்கு 9 கிலோ மூட்டைகள் நான்கைக் கொட்டியிருந்தார்கள். இன்னும் நான்கு பக்கத்தில் குளிர்பெட்டிகளில் இருந்தன. 5 மணிக்குத் தண்ணீர் 17 டிகிரிக்கு ஏறியிருந்தது. அவனை இறக்கும்போதே மீதி நான்கையும் கொட்டினார்கள். தண்ணீர் 9 டிகிரி அளவுக்கு வந்து, மேலே ஐஸ் மிதந்துகொண்டே இருந்தது. தண்ணீர் 2 முதல் 15 டிகிரிக்குள் இருந்தால் போதும் என்பது பொதுவான வரம்பு.

ஹெல்மெட், தோள்கவசம், ஷூ கழற்றப்பட்டன. மற்ற ஆடைகளைக் கழற்ற நேரம் செலவழிக்கவில்லை. ஐந்து பேர் தூக்கி 5:24-க்கு இறக்கினார்கள். நீளமாக மடித்த ஒரு விரிப்பை மார்பைச் சுற்றி இரண்டு அக்குளுக்குள்ளும் கொடுத்து, தலைக்குப் பின்னால் நின்ற ஒருவர் இரு முனைகளையும் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். நினைவு தப்பினாலும் முகம் தண்ணீருக்குள் போகாது. பிடிப்பவர் கோச்சோ நண்பனோ யாராக இருந்தாலும், அவருக்கு அந்த ஒரு வேலைதான். வேறு எதுவும் கொடுக்கக் கூடாது.

கழுத்து வரை தண்ணீர். தலையில் ஐஸ் தண்ணீரில் முக்கிய துண்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றினார்கள். இரண்டு பேர் கையால் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருந்தார்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உடம்பை ஒட்டிய தண்ணீர் சில நொடிகளில் சூடாகி ஒரு போர்வைபோல் நின்றுவிடும். கலக்கினால்தான் அது விலகிக் குளிர்ந்த தண்ணீர் தோலைத் தொடும்.

மூன்றாம் நிமிடம் திமிறினான். எழுந்து போகப் பார்த்தான், தலைமாட்டில் இருந்தவரைத் திட்டினான். இது எதிர்பார்க்க வேண்டியது. இரண்டு பேர் தோளைப் பிடிக்க, ட்ரெய்னர் குனிந்து அவன் பெயரைச் சொல்லி, இன்னும் சில நிமிடம்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். குடிக்க எதுவும் கொடுக்கவில்லை. தெளிவில்லாதவனுக்கு வாய்வழியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குள் போகும். நடுக்கம் வந்தால் பலர் பயந்து வெளியே எடுத்துவிடுகிறார்கள். நடுக்கம் உண்டாக்கும் வெப்பத்தைவிடத் தண்ணீர் எடுத்துப்போகும் வெப்பம் பல மடங்கு அதிகம். வலிப்பு வந்தாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குளிர்விப்பைத் தொடர வேண்டும். இதயம் நின்றால் மட்டும் உடனே வெளியே எடுத்து, மார்பைத் துடைத்து, இதய அழுத்தமும் ஏஇடியும்.

பதிவேட்டில் உள்ள எண்கள்: 5:24-க்கு 41.8, 5:28-க்கு 41.1, 5:32-க்கு 40.2, 5:35-க்கு 39.6, 5:38-க்கு 38.9. முதல் சில நிமிடம் எண் மெதுவாகத்தான் இறங்கும். மலக்குடல் அளவு கொஞ்சம் பின்தங்கி வருவது இயல்பு, வேலை செய்யவில்லை என்று பதற வேண்டாம். சராசரியாக நிமிடத்துக்கு 0.2 டிகிரி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு டிகிரி. 39-க்கு நெருங்கும்போது அவனே, 'ரொம்பக் குளிருது, ஏன் என்னை இதுல போட்டீங்க' என்று கேட்டான். தெளிவு திரும்பியதற்கு அதுதான் அடையாளம். 38.9-இல் வெளியே எடுத்தார்கள். வெளியே வந்த பிறகும் வெப்பம் இன்னும் கொஞ்சம் இறங்கும் என்பதால் அதற்குக் கீழே போகும்வரை வைத்திருக்கக் கூடாது.

ஆம்புலன்ஸ் வந்தது, ஏழு நிமிடம் காத்திருந்தது

5:31-க்கு வந்தது. இரண்டு நிமிடம் முன்னதாகவே வந்திருக்கும், வடக்கு வாயில் பூட்டியிருந்தது. அவன் அப்போது 40-க்கு மேல் இருந்தான். வந்தவர்கள் உடனே ஏற்ற விரும்பினார்கள். அவர்கள் பயிற்சியே சீக்கிரம் மருத்துவமனைக்குக் கொண்டுபோவதுதான். ட்ரெய்னர் திரையைக் காட்டி, அணி மருத்துவரின் கையெழுத்திட்ட உத்தரவைக் கொடுத்தார். அதில் இருந்தது ஒரே வரி: முதலில் குளிர்விப்பு, பிறகு பயணம். ஜூலையில் அதே மீட்பு நிலையத்தோடு ஒத்திகை பார்த்திருந்ததால் வாக்குவாதம் நீளவில்லை. அவர்கள் இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டு தொட்டியின் பக்கத்திலேயே நின்றார்கள்.

வண்டிக்குள்ளே நிமிடத்துக்கு 0.2 டிகிரி இறக்க வழி இல்லை. அக்குளிலும் தொடை இடுக்கிலும் ஐஸ் பை வைப்பது மிக மெதுவானது. 40.5-க்கு மேல் எவ்வளவு நேரம் இருந்தான் என்பதுதான் கல்லீரல், சிறுநீரகம், மூளை, இரத்தம் உறையும் தன்மை எல்லாவற்றின் கதியையும் தீர்மானிக்கிறது. விழுந்த 30 நிமிடத்துக்குள் 38.9-க்குக் கொண்டுவருவதே இலக்கு. மாசசூசெட்ஸ் மாநிலத்து ஃபால்மவுத் ஓட்டப் பந்தயத்தில் 18 ஆண்டுகளில் 274 பேர் ஹீட் ஸ்ட்ரோக்கில் விழுந்தார்கள். ஐஸ் தண்ணீரில் உடனே அமிழ்த்தியதால் ஒருவரும் இறக்கவில்லை. தொழில்முறை ஃபுட்பால் வீரர் கோரி ஸ்ட்ரிங்கர் 27 வயதில், பயிற்சி முகாமில் விழுந்து, 2001 ஆகஸ்ட் 1 அன்று இறந்தார். அவர் பெயரில் கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் 2010-இல் தொடங்கிய நிறுவனம்தான் இன்று பள்ளிகளுக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித்தருகிறது.

தொட்டி வாங்க வசதியில்லாத இடத்தில் தார்ப்பாய் போதும். பிள்ளையை அதில் கிடத்தி, மூன்று நான்கு பேர் ஓரங்களைத் தூக்கிப் பிடித்து, 100 லிட்டர் அளவு ஐஸ் தண்ணீர் ஊற்றி இப்படியும் அப்படியும் அசைக்க வேண்டும். தொட்டியைவிட மெதுவு, ஆனால் உயிர் காக்கும்.

திரும்ப ஆட வந்தது

மருத்துவமனையில் தசைச் சிதைவைக் காட்டும் சிகே என்ற நொதி இரண்டாம் நாள் 6,400-க்கு ஏறியது. கல்லீரல் நொதிகள் லேசாக ஏறின. சிறுநீரகம் தாங்கியது. மூன்றாம் நாள் வீடு. அன்றிலிருந்து குறைந்தது ஏழு நாள் எந்த உடற்பயிற்சியும் இல்லை. ஒரு வாரத்தில் எடுத்த இரத்தப் பரிசோதனையில் சிகே முழுதாக இறங்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருந்தான், படியேறினான், சிரித்தான். மருத்துவர் இன்னும் ஐந்து நாள் தள்ளிப்போட்டார். முதல் ஆட்டம் நெருங்கிய நேரம் அது. ட்ரெய்னர் தேதி எதையும் வாக்களிக்காமல், அடுத்த பரிசோதனை எப்போது என்பதை மட்டும் கோச்சிடமும் குடும்பத்திடமும் சொன்னார். அது சரியான வழி. தேதி சொல்லிவிட்டால் எல்லாரும் அந்தத் தேதிக்கு உடம்பை வளைப்பார்கள்.

எண்கள் இயல்பான பிறகு குளிரூட்டிய அறையில் 20 நிமிட சைக்கிள். அடுத்து அறைக்குள் மெது ஓட்டம். பிறகு வெளியில், காலை நேரத்தில், கவசம் இல்லாமல். ஒவ்வொரு படியிலும் மறுநாள் காலை களைப்பு, தலைவலி, சிறுநீர் நிறம் கேட்கப்பட்டது. அணிப் பயிற்சிக்கு வந்தபோது அவனுக்கு அது முதல் நாள், உடம்பை வெப்பத்துக்குப் பழக்கும் பதினான்கு நாள் கணக்கு புதிதாகத் தொடங்கியது.

எங்கே தவறியது

எல்லாவற்றிலும் பெரிய தவறு அந்த நாள் கணக்குதான். பள்ளி அணிகளுக்கான வெப்பப் பழக்க வழிகாட்டி தெளிவாகச் சொல்கிறது: முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றிலிருந்து ஐந்து வரை ஹெல்மெட்டும் தோள்கவசமும், ஆறாம் நாளிலிருந்துதான் முழுக் கவசம், முதல் ஐந்து நாள் தினம் ஒரே பயிற்சி. நோயாலோ வேறு காரணத்தாலோ வராத நாள் கணக்கில் சேராது. பழகாத உடம்பில் இரத்த நீரின் அளவு கூடியிருக்காது, வியர்வை தாமதமாகவும் குறைவாகவும் சுரக்கும், இதயம் அதே வேலைக்கு வேகமாக அடிக்கும். இந்த மாற்றங்கள் முழுதாக வர 10 முதல் 14 நாள் வேண்டும். அணி எட்டாம் நாளில் இருந்ததால் அவனும் எட்டாம் நாளின் உடையில் நின்றான். யாரும் விதியை மீற நினைக்கவில்லை. கணக்கு சுவரில் அணியின் பெயரில் தொங்கியது, பிள்ளையின் பெயரில் எங்கேயும் இல்லை.

இப்போது ஒவ்வொரு மாணவனின் ஹெல்மெட் பின்புறமும் நிற டேப் ஒட்டப்படுகிறது. முதல் இரண்டு நாள் சிவப்பு, ஐந்தாம் நாள் வரை மஞ்சள், பிறகு டேப் இல்லை. சிவப்பு டேப்போடு தோள்கவசத்தில் நிற்பவனை எந்தக் கோச்சும் மைதானத்தின் அடுத்த கோடியிலிருந்தே பார்த்துவிடலாம். காய்ச்சலில் விழுந்தவன் ட்ரெய்னரைப் பார்க்காமல் உடை மாற்றும் அறைக்குள் போக முடியாது. மருந்துப் பட்டியல் ஒரு பக்கமாகச் சுருக்கி மைதானப் பையில், பிளாஸ்டிக் உறையில். வெப்பக் கருவி தள்ளுவண்டியில் இல்லை, வெயிலில், செயற்கைப் புல்லின் நடுக்கோட்டு ஓரத்தில் முக்காலியில் நிற்கிறது. அரை மணிக்கு ஒருமுறை மாணவ உதவியாளர் படித்து வெள்ளைப் பலகையில் எழுதுகிறார், ஓட்டங்கள் தொடங்கும் முன் கட்டாயம் ஒரு முறை. தண்டனை ஓட்டமும் பயிற்சி முடிவு ஓட்டமும் கவசத்தோடு இல்லை. நெற்றித் தெர்மாமீட்டர் மைதானத்துக்கு வருவதில்லை.

வடக்கு வாயில் சாவி இரண்டு எடுத்தார்கள். ஒன்று ட்ரெய்னரின் இடுப்பில். இன்னொன்று ஏஇடி பெட்டியின் கைப்பிடியில் கட்டியிருக்கிறது. ஏஇடியை எடுக்க ஓடுபவர் எவராக இருந்தாலும் சாவியும் கையோடு வந்துவிடும்.